பயாப்ஸி ரிப்போர்ட்டில் கேஐ-67: அந்தச் சதவீதம் எப்படி வருகிறது, எவ்வளவு தூரம் நம்பலாம்

மார்பகப் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) என்ற வரிகளுக்குக் கீழே கேஐ-67 என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு சதவீதம். 12, 22, 60 என்று எதுவாகவும் இருக்கலாம். உடம்பில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கணக்கு அது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். '60 சதவீதம் பரவிடுச்சா' என்று கலங்கிப்போகிற குடும்பங்கள் உண்டு. பரவல் எவ்வளவு என்பதை இந்த எண் அளப்பதே இல்லை. நுண்ணோக்கியில் பார்த்த புற்றுநோய்ச் செல்களில் நூற்றுக்கு எத்தனை செல்கள் பிரியும் வேலையில் இறங்கியிருந்தன என்பதை மட்டும்தான் சொல்கிறது.

இது தெரிந்த பிறகும் குழப்பம் முழுசாகத் தீருவதில்லை. ஒரே கட்டியை இரண்டு லேபில் காட்டினால் ஒன்றில் 15 என்றும் இன்னொன்றில் 25 என்றும் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2021-இல் அபெமாசிக்ளிப் என்ற மாத்திரையை ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் ஒரு பிரிவினருக்கு அனுமதித்தபோது கேஐ-67 குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2023-இல் அதே நிபந்தனையை எடுத்துவிட்டது. ஏன் இப்படி என்று புரிய வேண்டுமானால் அந்த எண்ணைத் தருகிற ஆன்டிபாடியிலிருந்து தொடங்கி, லேப் மேசை வழியாக வந்து, கடைசியில் மருந்துச் சீட்டுக்குப் போக வேண்டும்.

## செல் பிரிவதும் ஓய்ந்திருப்பதும்

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் சில கட்டங்களைக் கடக்கிறது. ஜி1 என்ற கட்டத்தில் வளர்ந்து தயாராகும், எஸ் கட்டத்தில் தன் டிஎன்ஏவை முழுசாகப் படியெடுக்கும், ஜி2-இல் எடுத்த படியைச் சரிபார்க்கும், எம் கட்டத்தில் குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் பிரிந்து செல் இரண்டாகும். இந்தச் சுற்றுக்கு வெளியே நிற்கும் ஓய்வுநிலைக்கு ஜி0 என்று பெயர். நம் உடம்பில் பெரும்பாலான செல்கள் எந்த நேரத்திலும் இந்த ஓய்வில்தான் இருக்கின்றன.

கேஐ-67 என்பது செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு பெரிய புரதம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆனது. இதற்கான ஜீன் பத்தாவது குரோமோசோமில் இருக்கிறது. சுற்றில் இருக்கிற செல்லில் இந்தப் புரதம் இருக்கும், ஓய்வுக்குப் போன செல்லில் கரைந்து காணாமல் போகும். நோயியல் நிபுணர்களுக்கு, அதாவது பேத்தாலஜிஸ்டுகளுக்கு, இந்த ஒரு குணம்தான் இவ்வளவு பயன்படுகிறது.

புரதம் செல்லுக்குள் என்னதான் செய்கிறது என்பது வெகுகாலம் தெரியாமலே இருந்தது. 2016-இல் வியன்னாவில் நடந்த ஆய்வு ஒரு முக்கியமான பதிலைத் தந்தது: செல் பிரியும் நேரத்தில் கேஐ-67 குரோமோசோம்களின் மேற்பரப்பில் படிந்துகொண்டு, சோப்பு எண்ணெய்த் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து வைப்பதுபோல, அவை ஒன்றாகத் திரண்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் இந்த ஜீனைக் கெடுத்த எலிகளும் வளர்ந்தன, அவற்றின் செல்களும் பிரிந்தன. ஆக, செல் பிரிவை ஓட்டுகிற புரதம் இது கிடையாது; பிரிவு நடக்கிறது என்பதற்கான அடையாளம். 'கேஐ-67 அதிகமா இருக்கு, அதைக் குறைக்க என்ன சாப்பிடலாம்' என்ற கேள்விக்கு அடிப்படையே இல்லாமல் போவது இதனால்தான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்த எண் எத்தனை செல்கள் சுற்றில் இருக்கின்றன என்று சொல்லும், ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லாது. அப்புறம், ஓய்வுக்குப் போன செல்லில் இந்தப் புரதம் சட்டென்று மறையாமல் படிப்படியாகக் குறைகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்போதுதான் ஓய்வுக்குப் போன செல்லில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், போய் வெகுநேரம் ஆன செல்லில் இருக்காது. ஆம், இல்லை என்று கோடு போட்டுப் பிரிக்கிற விஷயத்திலேயே ஒரு மங்கலான பகுதி இருக்கிறது.

## ஆன்டிபாடி முதலில், புரதம் பிறகு

ஆன்டிபாடி என்றால் அந்நியப் பொருளின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அடையாளம் கண்டு போய் ஒட்டிக்கொள்ளும் புரதம். ஒரே அச்சான ஆன்டிபாடியை வேண்டிய அளவுக்குத் தயாரிக்கும் முறையை 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள், 1984-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. எலிக்கு ஒரு பொருளை ஊசியாகப் போட்டு, அதன் மண்ணீரலில் ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களை எடுத்து, சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லோடு இணைப்பது அந்த முறை. இணைந்து பிறந்த ஒரு செல்லின் வாரிசுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குளோன் என்கிறார்கள்.

ஜெர்மனியின் கீல் நகரில் யோகனஸ் கெர்டஸ், ஹரால்ட் ஸ்டைன் முதலானோர் இதே முறையில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்களின் உட்கருவை எலிகளுக்குச் செலுத்தி, கிடைத்த குளோன்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது ஹாட்ஜ்கின் நோய்க்கே உரிய ஓர் அடையாளம். வந்ததோ, பிரிந்துகொண்டிருக்கும் செல் எதுவானாலும் அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடி. 1983-இல் அதை வெளியிட்டார்கள். கீல் என்ற ஊர்ப்பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளும், சோதனைத் தட்டில் அந்தக் குளோன் இருந்த குழியின் எண்ணும் சேர்ந்து கேஐ-67 ஆனது. ஆன்டிபாடி எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்பதை அதற்கு அப்புறம்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். புரதத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

இந்த முதல் ஆன்டிபாடிக்கு ஒரு பெரிய குறை இருந்தது. உறையவைத்த திசுவில்தான் வேலை செய்யும். ஆஸ்பத்திரிகளில் சேமித்திருக்கும் திசுவோ ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்தது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுவதால் ஆன்டிபாடி ஒட்டவேண்டிய இடம் மறைந்துபோகிறது. 1991-இல் அந்தத் திசுத் துண்டைச் சூடாக்கினால் மறைந்த இடம் மறுபடி திறக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 1992-இல் எம்ஐபி-1 என்ற புது ஆன்டிபாடி வந்தது. கேஐ-67 புரதத்தின் ஒரு பகுதியை மட்டும் செயற்கையாகத் தயாரித்து, அதை எலிக்குக் கொடுத்து உருவாக்கிய குளோன் இது. சூடாக்கிய மெழுகுத் திசுவில் நன்றாக வேலை செய்தது. மெழுகில் பதித்துச் சேமித்த பழைய திசுக்களை, அதாவது பிளாக்குகளைக்கூட எடுத்துச் சோதிக்கலாம் என்று ஆனதும் இந்தப் பரிசோதனை உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் ஆய்வுகளில் அதிகம் அடிபடும் பெயர் எம்ஐபி-1. முயலிலிருந்து வந்த எஸ்பி6, 30-9 போன்ற குளோன்களும் புழக்கத்தில் உள்ளன, எல்லாமே ஒரே அளவுக்குச் சாயம் ஏற்றுவதில்லை.

## பயாப்ஸி துண்டு லேபுக்குப் போன பிறகு

திசுவில் ஆன்டிபாடியை வைத்துப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்கு இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்று பெயர், ரிப்போர்ட்டிலும் பேச்சிலும் ஐஹெச்சி.

1. எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். மார்பகத் திசு 6 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை அதில் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. போடத் தாமதமானால் கேஐ-67 எண் குறைந்து வரும், உண்மையில் கட்டி எப்படி இருந்தாலும். ஊசி பயாப்ஸி துண்டு மெல்லியது, ஃபார்மலின் உடனே ஊறிவிடும். ஆபரேஷனில் எடுத்த பெரிய கட்டியில் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர நேரமாகும். எனவே கேஐ-67 பார்க்க ஊசி பயாப்ஸியே நல்லது. எலும்பிலிருந்து எடுத்த துண்டை அமிலத்தில் கரைத்து மிருதுவாக்கியிருந்தால் வந்த எண்ணை ரொம்பவே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

2. திசுவை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுகிறார்கள்.

3. மெழுகை நீக்கி, தகுந்த கரைசலில் கிட்டத்தட்டக் கொதிநிலை வரை சூடாக்குகிறார்கள். ஃபார்மலின் இறுக்கியது திறப்பது இங்கேதான். சூடு போதாவிட்டால் கேஐ-67 இருக்கிற செல்லும் இல்லாததுபோலத் தெரியும்.

4. ஆன்டிபாடியை ஊற்றி, ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒட்டியிருப்பதைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியைப் போடுகிறார்கள். இதனோடு ஒரு நொதி இணைந்திருக்கும். டிஏபி என்ற வேதிப்பொருளை அந்த நொதி பழுப்பு நிறமாக மாற்றும். கடைசியாக ஹெமடாக்சிலின் என்ற நீலச் சாயம். கேஐ-67 உள்ள உட்கரு பழுப்பு, இல்லாதது நீலம்.

5. எல்லாம் சரியாக வேலை செய்ததா என்று பார்க்க டான்சில் திசுவையும் கூடவே சாயமேற்றுகிறார்கள். டான்சிலில் சில இடங்களில் செல்கள் எப்போதும் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும், அந்த இடம் அடர்பழுப்பாக வர வேண்டும். வராவிட்டால் அன்றைய ஓட்டம் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

பழுப்பு உட்கருவில் இருந்தால்தான் கணக்கு. தைராய்டில் வரும் ஹையலினைசிங் ட்ரபெக்குலர் ட்யூமர் என்ற அபூர்வக் கட்டியில் மட்டும் எம்ஐபி-1 விநோதமாகச் செல்லின் வெளிச்சவ்வில் சாயம் ஏற்றும், மற்ற குளோன்கள் அப்படிச் செய்வதில்லை. அந்த விநோதத்தையே வைத்து அந்தக் கட்டியை அடையாளம் காண்கிறார்கள்.

## எண்ணும்போதுதான் எண் மாறுகிறது

சாயமேற்றுவதில் வரும் வித்தியாசத்தை ஒரு நல்ல லேப் கட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியும். எண்ணுவதில் வரும் வித்தியாசம் அதைவிடப் பிடிவாதமானது. அதற்கான காரணங்கள் நோயாளிகளுக்குத் தெரியவே தெரியாது என்பது வருத்தமான விஷயம், ஏனென்றால் முடிவுகள் அவர்கள் உடம்பின் மேல்தான் எடுக்கப்படுகின்றன.

முதலில், எங்கே எண்ணுவது? ஒரு கட்டிக்குள்ளேயே சில இடங்கள் பழுப்புப் புள்ளிகளால் நிறைந்திருக்கும், ஹாட்ஸ்பாட் என்பார்கள், மற்ற இடங்கள் ஏறக்குறைய வெறும் நீலமாக இருக்கும். ஹாட்ஸ்பாட்டில் மட்டும் எண்ணுகிறவருக்கு 30 வரும், கட்டி முழுக்கச் சராசரி பார்க்கிறவருக்கு 15 வரும். இரண்டு பேருமே சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் எது என்று எழுதாவிட்டால் படிக்கிற டாக்டருக்கும் தெரியாது.

அடுத்து, எதை எண்ணுவது? புற்றுநோய்ச் செல்களுக்கு நடுவே ரத்த வெள்ளையணுக்களும் வந்து உட்கார்ந்திருக்கும், அவையும் பிரியும், அவையும் பழுப்பாகும். சேர்த்து எண்ணிவிட்டால் எண் ஏறிவிடும். வெளிறிய பழுப்பைச் சேர்ப்பதா விடுவதா என்ற தடுமாற்றமும் உண்டு. எவ்வளவு வெளிறியிருந்தாலும் உட்கரு பழுப்பென்றால் சேர்க்க வேண்டும் என்பது இதற்கென்றே அமைந்த சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை.

எத்தனை செல்களை எண்ணுவது என்பதைப் பள்ளிப் புள்ளியியலைக் கொண்டே போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டியின் உண்மையான அளவு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்:

1. 100 செல்களை மட்டும் எண்ணினால், தற்செயலாகவே எண் 12-இலிருந்து 28 வரை எங்கேயும் விழலாம்.
2. 500 செல்கள் எண்ணினால் அந்த இடைவெளி ஏறக்குறைய 16.5-இலிருந்து 23.5 வரை.
3. 1000 செல்கள் எண்ணினாலும் 17.5-இலிருந்து 22.5 வரை.

யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே இவ்வளவு. பல ரிப்போர்ட்டுகளில் எண்ணுவதே கிடையாது, கண்மதிப்பாகப் பார்த்து எழுதுகிறார்கள். 10, 15, 20, 30 என்று உருண்டையான எண்களாகவே வருவதைக் கவனித்தால் தெரியும். நாள் முழுக்கக் குவியும் ஸ்லைடுகளுக்கு நடுவே ஆயிரம் செல்களைக் கையால் எண்ண நேரம் எங்கே என்று கேட்டால் அதுவும் நியாயம்தான்.

2013-இல் வெளியான ஓர் ஆய்வில் பல நாடுகளின் எட்டு முன்னணி லேபுகளுக்கு ஒரே நூறு கட்டிகளின் ஸ்லைடுகளை அனுப்பினார்கள். எல்லாரும் முழுசாக ஒத்துப்போனால் 1 வரும் அளவுகோலில், ஒரே இடத்தில் சாயமேற்றிய ஸ்லைடுகளுக்கு 0.71 வந்தது, அவரவர் லேபில் சாயமேற்றியபோது 0.59 ஆக இறங்கியது. இத்தனைக்கும் இவர்கள் இந்தத் துறையிலேயே தேர்ந்தவர்கள். எண்ணும் முறைக்குப் பயிற்சி கொடுத்ததும் ஒற்றுமை நன்றாகக் கூடியது என்பதையும் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. கம்ப்யூட்டரை வைத்து எண்ணும் மென்பொருள்களும் வந்துவிட்டன; பெல்ஃபாஸ்டில் உருவான க்யூபாத் இலவசமாகவே கிடைக்கிறது. எண்ணுகிற அலுப்பை அது தீர்க்கும். எந்த இடத்தை எண்ணச் சொல்வது என்பதை அதற்கும் யாராவது முடிவு செய்துதான் தர வேண்டும்.

## 14, 20, 30: எங்கே கோடு போடுவது

ஹார்மோனுக்குப் பதில் தரும், ஹெர்2 இல்லாத மார்பகப் புற்றுநோயில் கீமோ வேண்டுமா, ஹார்மோன் மாத்திரை போதுமா என்று முடிவெடுக்க கேஐ-67 ஒரு துணை. ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரின் பெயரால் வழங்கும் நிபுணர் மாநாடு 2011-இல் 14 சதவீதத்தில் கோடு போட்டது. 2013-இல் 20 சதவீதம் என்ற அளவுகோல் முன்னுக்கு வந்தது. மேலே சொன்ன கணக்கை வைத்துப் பாருங்கள், 14-க்கும் 20-க்கும் நடுவே விழுகிற எண்ணை நம்பி ஒரு பெண்ணுக்குக் கீமோ கொடுப்பதோ தவிர்ப்பதோ எவ்வளவு தள்ளாட்டமான அடித்தளம்.

நிபுணர் குழு 2021-இல் சொன்னது இன்னும் நேர்மையானது. இவ்வகைப் புற்றுநோய் ஆரம்பநிலையில் இருக்கும்போது 5 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் நம்பலாம், பெரும்பாலும் கீமோ வேண்டியிருக்காது; 30 சதவீதமோ அதற்கு மேலோ என்றாலும் நம்பலாம், கீமோ பக்கம் போகலாம். நடுவில் இருப்பதற்கு கேஐ-67-ஐ மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அங்கே கட்டியின் கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரவரிசை), அளவு, நிணநீர்க் கணுக்கள், முடிந்தால் ஜீன் பரிசோதனைகள் ஆகியவைதான் பேச வேண்டும். கிரேடு போடும்போதே பேத்தாலஜிஸ்ட் பிரிந்துகொண்டிருக்கும் செல்களைத் தனியாக எண்ணியிருப்பார். கிரேடு 1 என்று போட்டுவிட்டு கேஐ-67 60 என்று வந்தால் ஏதோ இடிக்கிறது, திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சரி, எஃப்டிஏ விஷயம். இரண்டு சொற்களைப் பிரித்துக்கொண்டால் அது எளிதாகப் புரியும். நோய் எப்படிப் போகும் என்று சொல்வது முன்கணிப்பு. ஒரு மருந்து இவருக்குப் பலன் தருமா என்று சொல்வது பலன் கணிப்பு. அபெமாசிக்ளிப் சோதனையில் கேஐ-67 அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது, அதாவது முன்கணிப்பில் எண் சரியாகவே சொன்னது. ஆனால் மருந்தின் பலன் கேஐ-67 அதிகம் உள்ளவர்களுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கும் கிடைத்தது. அப்படியானால் 19 சதவீதம் வந்தவருக்கு மாத்திரையை மறுக்க என்ன நியாயம்? 2023 மார்ச்சில் நிபந்தனையை எடுத்தது சரியான முடிவு, அதனால் கேஐ-67 செல்லாக்காசு ஆகிவிட்டது என்று அர்த்தமும் இல்லை.

## வேறு கட்டிகளில் வேறு பொருள்

குடல், கணையம் போன்ற இடங்களில் ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களிலிருந்து வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் கேஐ-67 துணை எண் கிடையாது, கிரேடே அதை வைத்துத்தான். 3 சதவீதத்துக்குக் கீழே கிரேடு 1, 3-இலிருந்து 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. இங்கே 2-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசமே பெரிது, ஆகவே ஹாட்ஸ்பாட்டில் குறைந்தது 500 செல்களை எண்ணியாக வேண்டும். கண்மதிப்பு இங்கே உதவவே உதவாது.

பர்க்கிட் லிம்ஃபோமா என்ற, வேகமாக வளரும் நிணநீர்ப் புற்றுநோயில் எண் ஏறக்குறைய 100 சதவீதமாகவே இருக்கும். பார்த்தால் பதறத்தான் தோன்றும். ஆனால் தீவிரமான கீமோவால் பலரைக் குணப்படுத்த முடிகிற புற்றுநோய் அது, காரணம் பிரிகிற செல்லைத்தான் பெரும்பாலான கீமோ மருந்துகள் தாக்குகின்றன. மார்பகத்திலும் ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுத்தால் கட்டி முழுசாக மறைவது கேஐ-67 அதிகமாக உள்ளவர்களிடம் கூடுதலாக நடக்கிறது. எண் பெரிதென்றால் எல்லா வகையிலும் மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

## ரிப்போர்ட் கையில் இருந்தால்

டாக்டரிடமோ லேபிலோ தயங்காமல் கேட்கலாம், கேட்பது உரிமை:

1. எந்தக் குளோன்? எம்ஐபி-1-ஆ, வேறா?
2. எண்ணியதா, கண்மதிப்பா? எண்ணியது என்றால் எத்தனை செல்கள்?
3. ஹாட்ஸ்பாட்டா, சராசரியா?
4. ஊசி பயாப்ஸியிலா, ஆபரேஷன் திசுவிலா?

எண் 5-க்கும் 30-க்கும் நடுவே இருந்து, கீமோ முடிவு அதையே நம்பி நின்றால், இரண்டாவது கருத்து கேட்பது நல்லது. பயாப்ஸி மறுபடி எடுக்கத் தேவையில்லை, பெரும்பாலும் ஏற்கனவே இருக்கிற பிளாக்கை வாங்கி இன்னொரு லேபில் கொடுத்தால் போதும். இரண்டாவது எண் வேறாக வந்தால், எதைப் பிடிப்பது என்று திகைக்காமல் இந்த நான்கு கேள்விகளையும் இரண்டு ரிப்போர்ட்டுக்கும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அதிலேயே கிடைக்கும்.

ஒரே ஆளிடம் இரண்டு வெவ்வேறு நேரங்களில் எடுத்த எண்களை ஒப்பிடுவது தனி எண்ணைவிட நிறையச் சொல்லும். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான பொயட்டிக் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் ஹார்மோன் மாத்திரை கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் கேஐ-67 பார்த்தார்கள். அதிகம், குறைவு என்று பிரித்த கோடு 10 சதவீதம். ஹெர்2 இல்லாதவர்களில், தொடக்கத்திலேயே குறைவாக இருந்து அப்படியே இருந்தவர்களில் ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பியது 4.3 சதவீதம், அதிகமாக இருந்து இரண்டு வாரத்தில் குறைந்தவர்களில் 8.4 சதவீதம், குறையாமலே நின்றவர்களில் 21.5 சதவீதம். இப்படி ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டு முறையும் அதே லேப், அதே குளோன், அதே எண்ணும் முறை இருக்க வேண்டும், ஆகவே சிகிச்சை நடுவில் ஆஸ்பத்திரி மாறுகிறவர்கள் ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது.